திருவிருந்து நேரத்தில் வெளியே போய்விடுகிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

சிங்கப்பூர் ஈசூனில் கணவர், மகளோடு வசிக்கிறேன். தமிழ்க் கிறிஸ்தவச் சபையிலேயே வளர்ந்தவள், ஞாயிறு பள்ளி டீச்சராகவும் இருந்தேன். இடையில் கேசினோ ஜாக்பாட் மெஷினில் விழுந்துவிட்டேன். உள்ளே போகவே 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். கட்டிய காசையாவது எடுத்துவிட்டுப் போவோம் என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். மகளின் படிப்புக்கு வைத்திருந்த சேமிப்பு போனது. அம்மா போட்ட வளையல்கள் அடகுக் கடையில் மூழ்கின. கடன்காரரின் கடிதம் வீட்டுக்கு வந்தபோதுதான் கணவருக்கே தெரிந்தது.

இப்போது ஆடுவதில்லை. இங்குள்ள இரண்டு கேசினோவுக்குள்ளும் நுழைய முடியாதபடி நானே எழுதிக் கொடுத்துத் தடை வாங்கிக்கொண்டேன். கடனும் அடைந்தது. ஆனாலும் சபையில் கடைசி வரிசைதான். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வந்தால் கழிவறைக்குப் போவதுபோல எழுந்து போய்விடுவேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாது என்று வேதம் சொல்கிறதே. இப்போது பாஸ்டர் மறுபடியும் ஞாயிறு பள்ளிக்குக் கூப்பிடுகிறார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு பிள்ளைகள் முன் நிற்பது?

- ஈசூன் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் சொல்லும் வசனம் 1 கொரிந்தியர் 11:27. அடுத்த வசனத்தையும் படியுங்கள். ஒருவர் தன்னைச் சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கட்டும் என்றுதான் பவுல் எழுதுகிறார். சோதித்துவிட்டு எழுந்து போகட்டும் என்று எழுதவில்லை. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், சிலர் குடித்து வெறித்திருந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் கண்டித்தது அதை. தவறை உணர்ந்து, கடனை அடைத்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை விரட்ட எழுதிய வசனம் அல்ல அது.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். ஆடிய காலத்தில் தோற்ற காசை மறைத்தீர்கள். இப்போது உங்களையே மறைத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கு இது பயபக்தியாகத் தெரிகிறது. எனக்கு அதே பழைய பழக்கம்தான் தெரிகிறது. 'தப்புச் செய்தேன்' என்ற எண்ணம் சரிசெய்யத் தூண்டும், நீங்கள் கடனை அடைத்ததும் அதனால்தான். 'நானே தப்பானவள்' என்ற எண்ணம் ஒளியத்தான் வைக்கும். ஆலோசனை அறையில் நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான். என்றாவது ஒருநாள் ஒரு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கிவிட்டால்கூட, 'அவ்வளவுதான், நான் இப்படித்தான்' என்று முழுக்க இறங்கிவிடுபவர்கள் பெரும்பாலும் இப்படி நினைப்பவர்களே.

ஜெபம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடமும் பலர் சொல்லியிருப்பார்கள். ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தத் தடையை எடுத்துவிடாதீர்கள். ஓராண்டு கழித்து நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. 'இப்போது விசுவாசத்தில் பலப்பட்டுவிட்டேனே' என்று தோன்றும் நாளில்கூட அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள். கை அரிக்கும் நேரத்தில் 1800-6-668-668 என்ற சூதாட்ட உதவி எண் இருக்கிறது.

அப்புறம், கணவர். தேவன் மன்னித்துவிட்டார் என்பதால் அவரும் உடனே நம்பிவிட வேண்டும் என்றில்லை. அவர் மௌனமாக இருப்பதால் தேவனும் மன்னிக்கவில்லை என்றும் ஆகாது. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கை அவர் கேட்காமலே காட்டுங்கள். வளையல் போனதைப் பற்றி மகளிடம் ஒருமுறை நேராகப் பேசுங்கள், அவளுக்கும் கோபம் இருக்கும்.

ஞாயிறு பள்ளிக்குப் போங்கள். அதற்குமுன் பாஸ்டரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளிடம் சொல்லத் தேவையில்லை. முதலில் இன்னொரு டீச்சருக்குத் துணையாக இருந்தால் போதும். பிள்ளைகளின் காணிக்கையை எண்ணும் வேலையை மட்டும் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.