பிரபல பேண்டை விட்டு விலகி, தனியாக அருமையான பாடல்கள் தந்தும் உரிய கவனம் பெறாத பாடகர் யார்?

ஜீன் கிளார்க். எனக்கு இதில் இரண்டாவது பெயரே கிடையாது.

அவர் இருந்த அமெரிக்க ராக் பேண்டான 'தி பேர்ட்ஸ்' என்றதும் பலருக்கும் ரோஜர் மெக்குயினும் டேவிட் கிராஸ்பியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1965இல் பாப் டிலனின் பாடலைப் பாடி அந்த பேண்ட் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன சமயத்தில், அவர்களுடைய சொந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் கிளார்க். 1966 தொடக்கத்திலேயே விலகிவிட்டார். விமானம் ஏறுவதற்கு அவருக்குப் பெரும் பயம், அதோடு பாடலாசிரியர் என்பதால் அவருக்குக் கூடுதலாகப் பணம் வந்ததில் பேண்டுக்குள் மனக்கசப்பு வேறு.

பேர்ட்ஸ் பாடல்களில் மெக்குயினின் 12 கம்பி கிட்டாரும் எல்லோரும் சேர்ந்து பாடும் அந்தக் கூட்டுக்குரலும் அவ்வளவு அழகு, மறுக்கவே மாட்டேன். ஆனால் கிளார்க்கின் குரல் அதற்குள் கரைந்துபோய்விடும். வெளியே வந்த பிறகுதான் அந்தக் குரலில் எவ்வளவு துயரம் இருக்கிறது என்பதும், ஒரு வரி முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் மெட்டை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும் அவருடைய வழக்கமும் தெளிவாகக் கேட்கிறது.

1971இல் வந்த 'ஒயிட் லைட்' ஆல்பத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும். ஜெஸ்ஸி எட் டேவிஸ் தயாரித்தது. கிட்டார், ஹார்மோனிகா, பின்னணியில் அளவாகச் சில கருவிகள், அவ்வளவுதான். அதில் 'ஃபார் எ ஸ்பானிஷ் கிட்டார்' ஒன்று போதும், இவரைப் பெரிய பாடலாசிரியர்கள் வரிசையில் உட்கார வைக்க.

அப்புறம் 1974இல் 'நோ அதர்'. கலிஃபோர்னியாவின் மெண்டோசினோவில், கடலைப் பார்த்தபடி எழுதிய பாடல்கள். ஸ்டுடியோவில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு. வந்ததோ எட்டே பாடல்கள். ஆல்பத்தை வெளியிட்ட இசை நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெஃபனுக்கு இதில் கடும் கோபம் என்று சொல்வார்கள். விளம்பரம் சரியாக இல்லை, விற்பனையும் இல்லை, இரண்டே வருடத்தில் கடைகளிலிருந்து காணாமல் போய்விட்டது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாடலில் வார்த்தையே இல்லாமல் குரல்கள் அலை அலையாக எழும்பி, இனி வரிகளே வராதோ என்று தோன்றும்போது கிளார்க் உள்ளே வருவார் பாருங்கள், இசை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை இதைவிட நேரடியாகச் சொன்ன பாடலை நான் கேட்டதில்லை. 'சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், ஒரு நொடிகூட அதிகம் என்று தோன்றாது.

பயணம் செய்யப் பிடிக்காதது, குடி, இவையும் அவரைப் பின்னுக்குத் தள்ளின. 1991 ஜனவரியில் பேர்ட்ஸுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது, அதே வருடம் மே மாதம் 46 வயதில் இறந்துவிட்டார். ஆனால் பாடல்கள் அவர் இல்லாமலே பயணம் செய்துகொண்டிருக்கின்றன: 2007இல் பாடகர்கள் ராபர்ட் பிளாண்ட்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து வெளியிட்டு, கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கிய 'ரெய்சிங் சாண்ட்' இருக்கிறதே, அதில் இரண்டு பாடல்கள் இவர் 1969இல் பாஞ்சோ கலைஞர் டக் டில்லார்டுடன் பதிவு செய்தவை. அதைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேர் கிளார்க்கைத் தேடிப் போனார்கள்?

புதிதாகக் கேட்பவர்கள் நேராக 'நோ அதர்' பக்கம் போக வேண்டாம், அதன் பிரம்மாண்டம் முதலில் கொஞ்சம் திணறடிக்கும். 'ஒயிட் லைட்' கேட்டு அந்தக் குரல் பழகட்டும். பிறகு 'நோ அதர்' ஆல்பத்தை 2019இல் ஃபோர் ஏடி நிறுவனம் மறுவெளியீடு செய்த பதிப்பில், நல்ல ஹெட்போன் போட்டு, முழுசாகக் கேளுங்கள்.