வெனீர் மயிலில் விரிசல் ஏன்?

கேள்வி: வெனீர் (மெல்லிய மரத்தாள்) துண்டுகளை வெட்டி, 6 மி.மீ. பிளைவுட்டில் ஒவ்வொன்றாக வெள்ளை மரப்பசை தடவி ஒரு மயில் படம் ஒட்டினேன். அன்றைக்கு இடைவெளியே இல்லை. இரண்டு வாரத்தில் துண்டுகளுக்கு நடுவே விரிசல், பலகையும் படம் இருக்கும் பக்கம் குழிந்துவிட்டது. நான் வெட்டியது சரியில்லையா? கழுத்துக்கு வைத்த பச்சைச் சாய வெனீர் நிறம் மாறாமல் இருக்குமா?

பதில்: உங்கள் வெட்டில் குறையில்லை. இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். காரணம், பசையில் இருக்கும் தண்ணீர்.

வெனீர் அரை மி.மீ. கனம்தான். பசையின் ஈரம் ஏறியதும் மர ரேகைக்குக் குறுக்குவாட்டில் உப்பும்; நீளவாக்கில் அநேகமாக அசையாது. உப்பியிருந்த துண்டை ஒட்டித்தான் அடுத்ததை வைத்திருக்கிறீர்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றும் சுருங்கி விலகியது, பலகையையும் தன் பக்கம் இழுத்தது. நானும் தொடக்கத்தில் இப்படித்தான் இரண்டு படங்களைக் கெடுத்தேன்.

அடுத்த முறை பசையைத் தொடும் முன்பே படம் முழுவதையும் ஒரே தாளாகச் சேர்த்துவிடுங்கள். பின்னணி வெனீரில், மயிலின் கழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை கிடைக்கும். கழுத்துக்கான வெனீரை அதன் அடியில் வைத்து, ரேகை எந்தப் பக்கம் ஓடினால் அழகு என்று நகர்த்திப் பாருங்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். அப்புறம் ஜன்னலின் ஓரத்தையே அளவாக வைத்துக் கத்தி நுனியால் கோடு போட்டு, ஒரே அழுத்தாக இல்லாமல் நாலைந்து முறை மெல்ல ஓட்டி வெட்டுங்கள். துண்டு ஜன்னலில் கச்சிதமாக உட்காரும். முகப்புப் பக்கம் மட்டும் காகித டேப் ஒட்டி, அடுத்த ஜன்னலுக்குப் போங்கள்.

தாள் முடிந்ததும் ஒரே தடவையில் ஒட்ட வேண்டும். பசையைப் பலகையில் மெல்லிசாகத் தடவுங்கள், வெனீரில் வேண்டாம். அதே நேரத்தில் பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு சாதாரண வெனீர் ஒட்டுங்கள். அதன் ரேகை முன்பக்க ரேகை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் பலகை வளையாது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள், தடித்த பலகை வைத்து, கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விடுங்கள்.

டேப்பை லேசாக நனைத்து எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போடுங்கள். ஈட்டி மரத் தூள் பக்கத்து வெள்ளை மரத்தில் ஏறிக் கறையாகும். உப்புத்தாள் போடும் முன் ஒரு கை ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்தால் தப்பிக்கலாம்.

பச்சைச் சாயம் வெயிலில் வெளுக்கும். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினைந்தாம் லூயியின் மேசை இருக்கிறது, இதே மாதிரி வெனீர் படங்கள் பதித்தது: ஓபன் என்ற தச்சர் 1760-ல் தொடங்கி, ரீசெனர் என்ற தச்சர் 1769-ல் முடித்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு வேலைகளில் பளிச்சென்று இருந்த சாய நிறங்கள் இன்று பெரும்பாலும் பழுப்பாகிவிட்டன. ஆகவே மயிலை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

சரி, இப்போது கையில் இருக்கும் படம்? விரிசலில் அந்தந்த மரத்தூளையே ஷெல்லாக்கில் குழைத்து அடையுங்கள். பின்பக்கம் வெனீர் ஒட்டி அழுத்தினால் வளைவு ஓரளவு குறையும். முழுதாக நேராகாவிட்டால், பின்னால் கனமான சட்டம் வைத்துத் திருகிவிடுங்கள்.