சுவருக்குள் கிடக்கும் பழைய வயர் நெட்வொர்க்குக்கு ஆகுமா?

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் அறைக்கு அறை டெலிபோன் பாயின்ட் இருக்கிறது. டிவிக்கான கோஆக்சியல் கேபிளும் மாடி வரை ஓடுகிறது. மாடியில் வைஃபை எட்டவில்லை. வேலைக்கு வந்தவர், சுவரை உடைத்துப் புது கேபிள் இழுக்க வேண்டும் என்கிறார். இருப்பதையே பயன்படுத்த வழி இல்லையா?

பதில்: உடைக்கச் சொன்னவர் அந்த பாயின்டைக் கழற்றிப் பார்த்தாரா? முதல் வேலை அதுதான். டெலிபோன் இணைப்பு இன்னும் இருந்தால் வெளி லைனைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் கை பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும்.

கேபிளின் மேலுறையில் பொடி எழுத்து இருக்கும். 'கேட் 5ஈ' (Cat 5e) என்ற நெட்வொர்க் கேபிள் வகை என்றிருந்தால் யோகம்தான். 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும். இரு முனையிலும் ஜாக்கை மாற்றினால் போதும். ஆனால் எட்டு இழைகளையும் இணைக்க வேண்டும். நான்கோடு நிறுத்தினால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாது. 'கேட் 3' என்றால் 10 மெகாபிட்தான் கணக்கு, அதை மறந்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். டெலிபோன் வயரை மாலை கோத்த மாதிரி ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு இழுத்திருப்பார்கள். ஈதர்நெட்டுக்கு, அதாவது கேபிள் வழி நெட்வொர்க்குக்கு, அது சரிவராது. நடுவிலுள்ள பாயின்டில் வயரைப் பிரித்து, அங்கே நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். அதற்கு மின்சார பிளக்கும் பக்கத்தில் வேண்டும்.

டெலிபோன் வயர் கைவிட்டால் கோஆக்சியல் இருக்கிறதே! கோஆக்சியல் வழியே நெட்வொர்க்கை ஓட்டும் மோகா (MoCA) அடாப்டர், முனைக்கு ஒன்றாக இரண்டு வாங்குங்கள். மோகா 2.5 வகை 2.5 ஜிகாபிட் வரை போகும். வழியில் கேபிளைக் கிளை பிரிக்கும் பழைய ஸ்பிளிட்டர் இருந்தால் 1,675 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்தும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். அதே கேபிளில் டிஷ் சிக்னல் வந்தால் இந்த யோசனை வேண்டாம், அலைவரிசைகள் மோதிக்கொள்ளும்.

விளக்கு எரியும் மலிவு டெஸ்டர், இழைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். வேகம் தெரிய லேப்டாப்பைச் செருகி ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்துப் பாருங்கள்.

எதுவும் தேறவில்லையா? அப்போதும் சுத்தியலை எடுக்காதீர்கள். வயரின் ஒரு முனையை மெல்ல இழுங்கள். மறுமுனை அசைந்தால் அது பைப்புக்குள் ஓடுகிறது. அதன் வாலிலேயே புது கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம். அந்தப் புது கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும்; அலுமினியத்தில் செம்பு பூசியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.