வெளிநாட்டு வேலை: விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

வளைகுடா கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தாளில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

பாலக்கோடு, வெல்டர்: விசிட் விசாவில் துபாய் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். 90,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா அண்ணா?

கட்டாதே தம்பி. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்ட விரோதம். பிடிபட்டால் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். சம்பளத்தை இழுத்தடித்தாலும் ஒப்பந்தம் இல்லாதவன் எங்கே போய் முறையிடுவான்? அமீரகச் சட்டப்படி விசாச் செலவும் ஆள் எடுக்கும் செலவும் முதலாளியுடையது. நம் நாட்டு விதியிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதாவது 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார். இல்லையென்றால், “சென்னை ஆபீசுக்கு நான்தான் ஆள்” என்பார். சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. டீக்கடை பெஞ்சில் பாஸ்போர்ட் வாங்கிப் போகிறவர்களில் பலர் இந்த ரகம்தான்.

பென்னாகரம், கொத்தனார்: எட்டாவதுதான் படித்தேன். சவுதிக்குப் போக வேறு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. சவுதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். சாரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. “அனுமதி எல்லாம் எதுக்கு, டூரிஸ்டாகப் போய்விடு” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரூர், நர்ஸ்: நான் டிகிரி முடித்தவள், என் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இல்லை. குவைத்துக்கு நேராகப் போகலாமா சார்?

முடியாதும்மா. நர்ஸ்களுக்கு மட்டும் பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள்.

ஓசூர், சிஎன்சி புரோகிராமர், பிஇ: ஜெர்மனியில் வேலை கிடைக்காமலே போக வழி உண்டா?

உண்டு. 2024 ஜூனில் வந்த ‘சான்சன்கார்டே’ (வாய்ப்பு அட்டை) என்ற அனுமதி ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேட விடுகிறது. வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். பட்டமோ தொழிற்படிப்போ இருக்க வேண்டும். மொழித் தேர்வில் ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) அல்லது ஆங்கிலம் பி2 (நன்றாகப் பேசும் நிலை) தேவை. வயது, அனுபவம், மொழி என்று சேர்த்து ஆறு புள்ளிகள் எடுக்க வேண்டும். உங்கள் கல்லூரியும் படிப்பும், வெளிநாட்டுப் படிப்புகளின் மதிப்பைக் காட்டும் ஜெர்மனியின் ‘அனாபின்’ தளத்தில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அங்கே இருக்கும் நாட்களுக்கான செலவுப் பணத்தையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். என் அபிப்பிராயத்தில், பி1 (இடைநிலை) வரை ஜெர்மன் படிக்காமல் கிளம்பினால் அந்த ஒரு வருடம் வீணாகும். இங்கிருந்தே வேலை கிடைத்துவிட்டால், பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டு இதைவிட நல்லது.

பர்கூர், ஐடி ஊழியர்: அமெரிக்க வேலை விசாவான ஹெச்1பி கிடைக்குமா?

வருடத்துக்கு 85,000 இடம், குலுக்கல். போதாததற்கு 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படும் புதிய ஆட்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். உங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் கிளை இருந்து, கடந்த மூன்று வருடத்தில் ஒரு வருடமாவது அந்தக் கம்பெனியிலேயே தொடர்ந்து இங்கே வேலை பார்த்திருந்தால், கம்பெனிக்குள்ளேயே அங்கே மாற்றும் எல்1 விசா பற்றிக் கேளுங்கள். ஆனால் மேலாளர் பொறுப்போ கம்பெனிக்கே உரிய தனி அறிவோ இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, ஒரு அம்மா: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000 ரூபாய், டிக்கெட் இலவசம் என்று பையனைக் கூப்பிடுகிறார்கள்.

அனுப்பாதீங்கம்மா. டைப் அடிக்க அந்தச் சம்பளம் யாரும் தர மாட்டார்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். நம் தமிழ்ப் பையன்கள் பலர் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். பையன் ஏற்கெனவே பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் எஸ்பி அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.