எஸ்டிமேட் சீட்டும் ஈரச் சுவரும்: வெளிச்சுவர் பெயிண்ட் கேள்வி-பதில்

மழை ஓய்ந்து தை பிறந்தால் நம்ம குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு சாரக்கம்பு நிற்கும். இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வெளிச்சுவரைப் பற்றித்தான்.

கேள்வி (குளச்சல்): கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மூன்று வருஷத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து எமல்ஷன் அடித்தோம். இப்போது இடுப்பு உயரம் வரை கொப்பளித்து உரிகிறது, வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. அதைவிட உசந்த ரகம், பத்து வருஷ வாரண்டியோடு இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எந்த வாளியும் வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவரிடம் விற்க இருப்பது பெயிண்ட், உங்கள் சுவருக்கு வேண்டியது வேறு.

கோடு போட்டது மாதிரி இடுப்பளவோடு நிற்கும் உரிதல் மழைச்சாரலால் வருவதில்லை. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. ஏறும்போது செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றோடு போய்விடும். உப்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் தங்கிப் பூத்து, பெயிண்டை நெம்பித் தள்ளும். மேலே அடித்த பெயிண்ட் எவ்வளவு இறுக்கமான ரகமோ, அவ்வளவு பெரிய கொப்பளம். கடலோரத்தில் இன்னொன்றும் நடக்கும்: உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை குழைத்து, அதே தண்ணீரை ஊற்றிப் பூச்சை நனைத்திருப்பார்கள். அந்த உப்பு வீடு கட்டின நாளிலிருந்தே சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். முற்றத்துத் தளம் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா, சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, குளியலறைக் குழாய் எங்காவது கசிகிறதா? பிறகு, ஒரு முழச் சதுரத்துக்குக் கெட்டி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. அதை நிறுத்தாமல் பெயிண்ட் அடிப்பது ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைக்கிற வேலை.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, முறத்தில் வாரிக் கொட்டுங்கள். விரலால் சுரண்டினால் பூச்சு மணலாய் உதிர்கிறதென்றால் அந்த மூன்றடியையும் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரில் கலவை போட்டுப் புதிதாய்ப் பூச வேண்டும். புதுப் பூச்சு 28 நாளாவது இருக்கட்டும். என்னைக் கேட்டால் அந்தக் கீழ் மூன்றடிக்கு எமல்ஷனே வேண்டாம், சிமெண்ட் பெயிண்ட் போதும். அது ஈரத்தை மூச்சு விடுகிற மாதிரி வெளியே விடும். ஆனால் பழைய எமல்ஷன் மேல் அது பிடிக்காது, பூச்சு தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். அதற்கு மேல் சுவர் நன்றாக இருந்தால், படிந்த கடல் உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு) ஒரு கோட்டு, எமல்ஷன் இரண்டு கோட்டு. நடுத்தர ரகமே தாராளம். மிச்சப்படும் பணம் கொத்தனாருக்கு வேண்டியிருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் பெயிண்டர் குறிப்பிட்ட ஒரு கம்பெனி பெயிண்ட்தான் வேண்டும், தானே வாங்கி வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இருபது வருஷமாகத் தெரிந்தவர். மறுத்தால் முகம் சுளிக்குமோ?

பதில்: வாளிக்குள்ளே டோக்கன் இருக்கும், அண்ணாச்சி. பல கம்பெனிகள் பெயிண்டருக்கென்று, காசாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் போடுகின்றன. இப்போது க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணினால் அவர் கணக்குக்குப் பாயிண்ட் ஏறுகிற மாதிரியும் வந்துவிட்டது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பணமும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

முகம் சுளிக்காமல் முடிக்க வழி உண்டு. “பெயிண்ட் நான் வாங்குகிறேன், டோக்கன் உங்களுக்கே” என்று வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கம்பெனி எது என்பதில் அவர் கையோட்டத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம், பழகின பெயிண்டில் நன்றாக அடிப்பார். ஆனால் கடைக்கு நீங்கள் போக வேண்டும். வாளி உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால், சீல் உடைபட வேண்டும். வாளியின் மேல் போட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் விஷயத்தில்தான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். “எஸ்டிமேட்” என்று தலைப்புப் போட்டு, கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை எழுதிக் கையில் திணிப்பார்கள். பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி என்று ஒரு வார்த்தையும் சொல்வார்கள். அது சரியில்லை. வாளியில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. பெயிண்டுக்கு 2018 ஜூலையிலிருந்து 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுவும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா கேட்க யாருக்கும் உரிமையில்லை. பேரம் பேசினால் எம்ஆர்பியில் தள்ளுபடியே கிடைக்கும். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பெயிண்டர் பெயரில் வேண்டாம்.

கேள்வி (தோவாளை): எந்த மாதம் அடிப்பது நல்லது?

பதில்: கும்பப்பூ நெல் அறுப்பை ஒட்டி. தை பாதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். நமக்கு வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மற்ற ஜில்லாக்காரர்கள் சொல்லும் “மழைக்காலம் தவிர” என்ற கணக்கு இங்கே ஒத்துவராது. உங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு: ஆனி, ஆடியில் அடித்தால் புழுதி ஈரப் பெயிண்டில் ஒட்டி, தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். வெயில் நேராக விழும் சுவரில் அடிக்க விடாதீர்கள். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர், நிழலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டு நானே ஒரு கார்த்திகையில் சூடு பட்டிருக்கிறேன். நாலு நாள் மழை விட்டதை நம்பி சன்ஷேடுக்கு அடித்தோம். சித்திரை வெயிலில் அடிப்பாகம் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் மரத்து நிழல் விழும் வடக்குச் சுவர் முழுக்கக் கறுத்துப் போயிருக்கிறது. பம்பு வைத்துத் தண்ணீர் அடித்துவிட்டு மேலே பெயிண்ட் போட்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: போதாது. அது அழுக்கில்லை, பாசியும் பூஞ்சையும். தண்ணீர் அடித்தால் மேல்தோல் போகும், வேர் இருக்கும், அடுத்த ஆடிக்குள் புதுப் பெயிண்டைத் துளைத்து வந்துவிடும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிவை ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கம்பி பிரஷால் தேயுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பாசித் தடுப்பு உள்ள எக்ஸ்டீரியர் எமல்ஷனுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இதுதான். இரண்டு கிளையை வெட்டிவிட்டால் அதைவிடப் பலன்.

கேள்வி (மார்த்தாண்டம்): எத்தனை லிட்டர் வேண்டும் என்று நாமே கணக்குப் போட முடியுமா? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

பதில்: முடியும். 40க்கு 30 அடி, ஒற்றை மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி, உயரம் 11 அடி, ஆக 1,540 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 140 கழித்தால் 1,400. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் மூன்றடி உயரத்துக்கு 420. சன்ஷேடு, தூண் எல்லாம் சேர்த்து 2,000 என்று பிடியுங்கள். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். அப்படியானால் 34 முதல் 40 லிட்டர். வாளியில் அச்சடித்த கணக்கு வழவழப்பான சுவருக்கு, நம்ம சொரசொரப்புப் பூச்சு கூடத்தான் குடிக்கும். 20, 10, 4 என்று வாங்கி ஆரம்பித்து, குறைந்தால் அதே கடையில் அதே கலர் எண்ணைச் சொல்லி இன்னொரு 4 வாங்குங்கள். மிஷினில் கலர் கலந்த பெயிண்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை கலந்த கலர் மயிரிழை மாறலாம், அதனால் புது வாளியைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையில் தொடங்கச் சொல்லுங்கள்.

கூலியைச் சதுர அடிக்குப் பேசினால் ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா, சுரண்டுவதும் சாரமும் அதற்குள் அடக்கமா என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டி பற்றி ஒன்று: மழை நேராக அடிக்கும் சுவர் முழுக்கப் பட்டி போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விரிசலுக்கும் குழிக்கும் மட்டும் போதும். பெயிண்டில் எத்தனை மக் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதையும் முதல் நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அளவு வாளியிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி (தக்கலை): அடித்து எட்டு மாதத்தில் உரிந்துவிட்டது. பெயிண்டர் பெயிண்டைக் குறை சொல்கிறார், கடைக்காரர் பெயிண்டரைக் குறை சொல்கிறார். வாரண்டி என்றால், சுவர் ஈரம், உப்புப் பூத்தல் இதற்கெல்லாம் கிடையாது என்கிறார்கள்.

பதில்: வாரண்டித் தாளின் பின்பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கும். கிடைத்தாலும் பெயிண்ட் மட்டும்தான் கிடைக்கும், கூலி கிடைக்காது. பத்து வருஷம் என்ற எண்ணைப் பார்த்து நான் வாளி தேர்ந்தெடுப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைப் பாருங்கள். உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் பழைய சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் சுரண்டாமல், பிரைமர் போடாமல் அடித்திருக்கிறார்கள். தவறு வேலையில். பின்புறம் சுத்தமாக, சுவரும் காய்ந்து கெட்டியாக இருந்தால் பெயிண்டைச் சந்தேகிக்கலாம். போட்டோ எடுத்து, பில்லோடு கம்பெனிக்கு எழுதி, ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையும் சேவைதான், பெயிண்டரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். உங்கள் கடிதத்தில் பில் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இருப்பது எஸ்டிமேட் சீட்டு மட்டும் என்றால், ஜிபே செய்த விவரம் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி (முட்டம்): மகளுக்கு நல்ல அடர் ஊதா வேண்டுமாம். வெளுக்குமா?

பதில்: வெளுக்கும். அடர் ஊதா, ரோஸ், பளீர் மஞ்சள் எல்லாம் நம்ம வெயிலில் சீக்கிரம் சோர்ந்துபோகும் நிறங்கள். காவி, செங்கல், சந்தன நிறங்களில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அது தாங்கும். மகளிடம் ஒரு லிட்டர் வாங்கிக் கொடுத்து மேற்குச் சுவரில் இரண்டடிச் சதுரம் அடிக்கச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் ஒரு வாரம் பார்க்கட்டும். அப்புறமும் ஊதாதான் என்றால் வாசல் தூண் இரண்டையும் அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.