கைக்குழந்தையோடு நகரத்து அபார்ட்மென்ட்டை விட்டுப் புறநகருக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: ஆறு மாதக் குழந்தை, சென்னைக்குள் சின்ன அபார்ட்மென்ட், வாடகை கட்டுப்படியாகவில்லை, புறநகருக்குப் போனால் குழந்தைக்கு நல்லதா, போனவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் போனவர்கள். கோடம்பாக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரே படுக்கையறை, வாடகை 18,000. மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, 2024 ஜூனில், ஊரப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தோம். இரண்டு படுக்கையறை, 13,000.

நேராகவே சொல்லிவிடுகிறேன். காற்று, வெளிச்சம், இடம் எல்லாம் நல்லதுதான், ஆனால் அதற்காக மட்டும் போகாதீர்கள். நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையை யார் கையில் வாங்கப் போகிறார்கள், அவருக்கு வந்து போக எந்த இடம் வசதி, அதைப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

எனக்கு 26 வாரம் பேறுகால விடுப்பு, ஏப்ரலோடு முடிந்துவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் எங்கள் அலுவலகத்தில் மொத்தமே முப்பது பேர், அதனால் அந்த வழி இல்லை. அம்மாதான் மதுராந்தகத்திலிருந்து வந்தாள். அங்கே அப்பா இருக்கிறார், கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, அதனால் நிரந்தரமாக எங்களோடு தங்க முடியாது, திங்கள் வந்து வெள்ளி போவாள். பேருந்து நகரத்துக்கு வெளியே கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து மாறி கோடம்பாக்கம் வந்து சேரவே இரண்டு மணி நேரம், அப்புறம் முழங்கால் வலியோடு மூன்று மாடி. மே மாதத்தில் ஒரு நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள். நான் மேலே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன், "நீ இறங்காதே, நானே வரேன்" என்று சொல்கிறாளே தவிர அடுத்த படியில் கால் வைக்க அவளால் முடியவில்லை. அன்றைக்கு ராத்திரியே வீடு தேட ஆரம்பித்தோம்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறந்தபோது நகரத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் அது அலைச்சலாகத்தான் இருந்தது. ஊரப்பாக்கத்துக்கு வந்த பிறகு எங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. இப்போது அம்மா இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்துவிடுகிறாள், வாசலில் இரண்டே படி.

ஆனால் நான் பார்த்த முதல் வீடு முடிச்சூரில். அழகான வீடு, புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். சமையலறை மேடைக்குக் கீழே மட்டும் பெயின்ட் பொக்குப் பொக்காக உப்பியிருந்தது, விரலால் தட்டினால் பொடியாக உதிர்ந்தது. புரோக்கர் "பைப் லீக், சரி பண்ணிட்டாங்க" என்றார். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டேன். அவர் தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு மேலே கை வைத்துக் காட்டினார், மிக்ஜாம் புயலுக்கு இவ்வளவு தண்ணீர், 2015 வெள்ளத்தில் இதைவிட அதிகம் என்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாறு ஓரம், ஆறு நிரம்பினால் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியிலும் ஏரிக்குக் கீழே தாழ்வாக இருக்கிற நகர்கள் உண்டு, அங்கேயும் நிற்கும். அதனால் ஏரியா பெயரை வைத்து முடிவு பண்ணாதீர்கள், தெருவாரியாகக் கேளுங்கள், அதுவும் புரோக்கரிடம் கேட்காதீர்கள். மிக்ஜாம் சமயத்தில் மகளுக்கு இரண்டு மாதம். கோடம்பாக்கத்தில் கரண்ட் இல்லை, ஆனால் மூன்றாவது மாடியில் காலாவது நனையாமல் இருந்தோம். கைக்குழந்தையோடு கீழ்த்தளத்துக்கு வருகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

வந்த வீட்டில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கூடத்து உத்தரத்தில் இருந்த இரும்புக் கொக்கி. பழைய வீடு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூளி கட்டியது. கோடம்பாக்கத்தில் டிரில் போடக் கூடாது என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வைத்தோம், அதில் மகள் இருபது நிமிஷம்கூடத் தூங்க மாட்டாள். இங்கே அம்மா தன்னுடைய பழைய நூல் புடவையைக் கட்டி ஆட்டினாள், முதல் நாளே மகள் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். அதேபோல் துணி. அங்கே பால்கனிக் கம்பியில் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரைதான் வெயில், மழைக்காலத்தில் லங்கோட்டை ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் பரப்பி வைப்பேன், ஈரவாடை போகாது, குழந்தைக்குத் தொடையிடுக்கில் சிவந்துவிடும். இங்கே மொட்டை மாடியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் மொறுமொறு என்று காய்ந்துவிடுகிறது, அந்தச் சிவப்பு ஒரு மாதத்தில் போனது. குழந்தை வளர்ப்பில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் ஒரு நாளை நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆக்குகின்றன.

இப்போது கஷ்டங்கள். பெரியது நேரம். தேனாம்பேட்டையில் என் வேலை, முன்பு அரை மணியில் வீடு. இங்கிருந்து மாம்பலம் வரை ரயிலே முக்கால் மணி நேரம் ஆகிறது, அதுபோக ஸ்டேஷனுக்குப் போவது, அங்கிருந்து பேருந்து. தாம்பரம் வரைக்கும் ரயில் அடிக்கடி இருக்கும், தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் இரண்டு மாதம் காலை ஏழேகாலுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வந்தேன். அவள் தூங்கியிருப்பாள். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், எழுப்பிப் பால் கொடுக்கவும் மனசு வராது. முதல் முறை அவள் எதையும் பிடிக்காமல் நின்றதை நான் அம்மா போனில் அனுப்பிய வீடியோவாகத்தான் பார்த்தேன், லேடீஸ் கோச்சில் நின்றுகொண்டு. அன்றைக்கு அழுதேன். அப்புறம் அலுவலகத்தில் கேட்டு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை வாங்கினேன், கணவர் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார், மாலை நாலரைக்கு வந்துவிடுவார். இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் நாங்கள் திரும்பவும் கோடம்பாக்கத்துக்கே போயிருப்போம். நீங்கள் வீடு மாறுவதற்கு முன்பே அலுவலகத்தில் இதைப் பேசிவிடுங்கள், நாங்கள் மாறிய பிறகு பேசினோம்.

இரண்டாவது, ராத்திரி. பதினோராவது மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணிக்குக் காய்ச்சல் 103. பாராசிட்டமால் டிராப்ஸ் பாட்டில் காலி. கோடம்பாக்கத்தில் இறங்கினால் மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும், இங்கே எதுவும் இல்லை, ஆட்டோ செயலியில் மூன்று பேர் ஏற்று மூன்று பேரும் ரத்து செய்தார்கள். விளக்கெரிவதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார், பேரனுடைய சிரப் இருக்கிறது என்று கொடுத்தார். இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. பாட்டிலை மாற்றிவிட்டுப் பழைய அளவையே ஊற்றினால் ஆபத்து. எங்கள் டாக்டர் எடைக்கேற்ற அளவை மில்லிகிராமில் எழுதிக் கொடுத்திருந்தார், அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்து லேபிளைப் படித்துக் காட்டி, எத்தனை மில்லி என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். அக்கா விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்து ஈரத்துணி வைத்தார். கோடம்பாக்கத்தில் நாலு வருஷம் இருந்தோம், எதிர்க்கதவில் யார் இருந்தார்கள் என்றே தெரியாது. இப்போது இரண்டு பாட்டில் மருந்து, தெர்மாமீட்டர் எப்போதும் வீட்டில் உண்டு, பொத்தேரி மருத்துவமனைக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கும் ராத்திரியில் எந்த வழியில் போவது என்று ஒருமுறை ஸ்கூட்டரில் போயே பார்த்துவிட்டோம்.

தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஒன்பதாவது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இங்கே வந்த பிறகுதான் போட்டோம். தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம், பிக்மி எண்ணை (கர்ப்பக் காலத்தில் கொடுக்கும் அரசுப் பதிவு எண்) பார்த்துப் பதிந்து போட்டுவிட்டார்கள், செலவில்லை. பதினாறாவது மாத ஊசிக்கு அங்கிருந்த நர்ஸம்மாவே போன் செய்து நினைவுபடுத்தினார்.

தண்ணீர் போர் தண்ணீர், உப்பு. குடிக்க, சமைக்க, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச எல்லாம் கேன்தான், குளித்த பிறகு தோல் வறண்டுவிடுவதால் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். கொசு இங்கே அதிகம், ஜன்னலுக்கு வலை அடிக்காமல் குடிபோகாதீர்கள்.

உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம் என்கிறீர்கள். பார்த்துக்கொள்ள யார் வருவார், அவர் எந்த ஊர், உங்கள் இருவர் வேலையும் எங்கே என்று எழுதுங்கள். தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரை ஏறக்குறைய எல்லா ஸ்டேஷன் பக்கமும் வீடு பார்த்திருக்கிறேன், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதுவரை தெரிந்ததைச் சொல்கிறேன்.