ஆயா வீடா, சம்மர் கேம்ப்பா, ஏஜென்ட் அனுப்பும் பெண்ணா?

கேள்வி: நானும் கணவரும் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறோம். எனக்கு ஒரு வாரம் காலை 6 மணி ஷிப்ட், மறு வாரம் மதியம் 2 மணி ஷிப்ட். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. லீவு விட்டதும் பிள்ளைகளை யாரிடம் விடுவது? பக்கத்தில் சம்மர் கேம்ப் நடத்துகிறார்கள். மாமியார் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோட்டத்தில் இருக்கிறார். அங்கே விட்டால் வெயிலில் சுற்றிக் கெட்டுப்போவார்களோ என்று பயம். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அனுப்புவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். எது நல்லது?

பதில்: மாமியாரிடமே அனுப்புங்கள் அம்மா. உச்சி வெயிலில் மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும். மற்ற நேரம் சுற்றினால் கறுத்துப்போவார்கள், அவ்வளவுதான். ஆனால் அனுப்புவதற்கு முன் அந்தத் தோட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேம்ப் விஷயம் சுலபம். நோட்டீஸில் ஓவியம், யோகா, அபாகஸ், சிலம்பம் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தை மட்டும். பெரும்பாலும் காலை 9.30 முதல் 12.30 வரைதான். 6 மணி ஷிப்டுக்கு நீங்கள் 5 மணிக்கே பஸ் ஏறினால் வீடு திரும்ப 3 ஆகிவிடும். இந்தப் பத்து மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள். மீதி ஏழு மணி நேரம் அந்த எட்டு வயதுப் பெண்தான் தம்பிக்குக் காவல். மதிய ஷிப்ட் வாரத்தில் இன்னும் வேடிக்கை. நீங்கள் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் கேம்பில் இருப்பார்கள், நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு வந்து சேருவார்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஏப்ரல் பிறந்தால் போதும், இவர்கள் முளைத்துவிடுவார்கள். "நல்ல பொண்ணுங்க, வீட்ல சும்மாதான் இருக்கு, லீவு முடியிற வரைக்கும் உங்களோட இருக்கும்" என்பார். லீவு முடியும் வரை என்றால் என்ன அர்த்தம்? அதுவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். உங்கள் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். மலை ஊரில் அவள் அப்பாவிடம் கொஞ்சம் முன்பணம், உங்களிடம் கமிஷன், அத்தோடு ஒரு மாதச் சம்பளம் அட்வான்ஸ். பத்து நாளில் பெண் அழுது ஊருக்குப் போனால் "வேறு ஆள் தருகிறேன்" என்று மறுபடி கமிஷன். வயது கேட்டால் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று நீட்டுவார். பிறந்த தேதி இருக்கும் இடம் மட்டும் மை பூசியதுபோல் இருக்கும்.

14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவர் என்றால் நீங்கள். ஏஜென்ட் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார். என்னைக் கேட்டால் 18 ஆகாத யாரிடமும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். அப்படி ஒரு சிறுமி எந்த வீட்டிலாவது இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் தெருவில் பத்து வருஷமாகப் பழகிய அக்கா ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது வேறு கதை. அவரை அறிமுகப்படுத்த ஏஜென்ட் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். மகனுக்காவது உதவும், கேட்டுப் பாருங்கள். நீங்கள் கான்ட்ராக்டில் இருந்தால் கம்பெனி கான்ட்ராக்டரைக் கைகாட்டும், கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார். நாலு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் கொஞ்ச நாள் லீவு. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக நேரத்தை நீட்டித் தாருங்கள் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெற்றும் ஆயிற்று, இன்னும் பரிசீலிக்கிறார்கள்.

சரி, மாமியார் வீடு. எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. சம்பளம் இல்லாத ஆயா என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி, பால் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். மே கடைசியில் மாங்காய் அறுப்பு மும்முரமாகிவிடும், லாரி வந்து போகும், அவரால் பிள்ளைகள் பின்னால் ஓட முடியாது. உங்கள் லீவை ஏப்ரலில் தீர்த்துவிடாமல் அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வேலை. தோட்டத்தில் பண்ணைக் குட்டை இருக்கிறதா? இருந்தால், வேலி போடும் வரை நான் முதலில் சொன்ன பதில் செல்லாது. கிணற்றைக் கண்டால் பெரியவர்களுக்குத் தானாகவே பயம் வரும், எட்டப் போ என்று அதட்டுவார்கள். குட்டையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை; ஆழம் குறைவு, நம் தோட்டம்தானே என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் நிற்கப் பல குட்டைகளில் அடியிலும் சரிவிலும் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்கள். ஈரம் பட்டால் அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். விழுந்த பிள்ளைக்குப் பிடித்து ஏற ஒரு புல்கூட இருக்காது. நீச்சல் தெரிந்த பெரியவர்களே ஏற முடியாமல் திணறுவார்கள், காப்பாற்ற இறங்கியவரும் சறுக்குவார். ஆகவே சுற்றிலும் பிள்ளைகள் ஏற முடியாத வேலி, பூட்டு போட்ட படல். சரிவில் நாலு பக்கமும் தண்ணீர் வரை தொங்கும், முடிச்சுப் போட்ட கயிறு; மேல் நுனியை முளையில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கயிறு இருக்கிறதே என்று வேலியை விட்டுவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக் குட்டைக்கும் இதே கதைதான். நாலு வயதுப் பிள்ளைக்கு வரப்பு தெரியாது.

மாமனாரிடம் இன்றைக்கே பேசுங்கள். வேலி போட்டதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு பிள்ளைகளை பஸ் ஏற்றுங்கள்.